குதிகாலுக்கு ஒரு சும்மாடு

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். சளியும் கூடவே வந்து சேர்ந்தது. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

தலைமை நர்ஸுக்கென்று தனி அறை கொடுத்திருக்கிறார்கள். பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. படிக்கட்டுக்கு அடியில், சாய்ந்த கூரையோடு இருக்கிறது. நாற்காலியிலிருந்து வேகமாக எழுந்தால் தலை இடிக்கும். இரண்டு நாளில் மூன்று முறை இடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் இருபத்திரண்டு வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்தாராம். குள்ளமாக இருந்திருப்பார் போல.

இந்த இல்லத்தில் முப்பத்தெட்டு முதியவர்கள். பாதிப் பேர் படுக்கையிலேயே இருக்கிறார்கள். குணமாகி வீட்டுக்குப் போகப் போகிறவர்கள் இல்லை. இதுதான் அவர்களுக்கு வீடு. நர்ஸ்களும் உதவியாளர்களுமாகப் பதினொரு பேர் என் பொறுப்பு. அதில் ஒன்பது பேர் என்னைவிட மூத்தவர்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள்.

கிளம்பிய அவசரத்தில் உன்னிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைத் திருப்பிப் படுக்க வை. முக்கியமாக, வலது குதிகால் படுக்கையில் படவே கூடாது.

போனில் பேசினால் நீ 'ம்' என்கிறாய். ரொம்பக் கேட்டால் 'ம்ம்' என்கிறாய். அதனால் எழுது.

உன் பெரியவள்

*

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் சளி போயிற்றா? மண்டை வீங்கவில்லையே?

போனில் உன் குரல் கேட்டால் சொல்ல வைத்திருந்ததெல்லாம் ஓடிப்போய்விடுகிறது. எழுதினால் கொஞ்சம் வருகிறது. பத்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு இன்னும் அந்த ஒரே வார்த்தைதான். பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. எல்லா வார்த்தையையும் எடுத்துக்கொண்டு 'ஆகட்டும்' என்பதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பசிக்குதாப்பா என்றால் ஆகட்டும். வேண்டாமா என்றால் அதற்கும் ஆகட்டும். கீழ் வீட்டுத் தையல்கார அக்கா சொல்கிறாள், "எதிர்ப்பேச்சே இல்லாத இப்படி ஒரு மனுஷனைத்தான்டி நானும் தேடிக்கிட்டிருந்தேன்."

நான் வேகமாகத் திருப்பினால் அப்பா இடது காலால் கட்டில் பலகையை ஒரு மிதி மிதிக்கிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அல்லவா. "பிரேக்கு வலது காலுப்பா, அது வேலை செய்யல. நீங்க மிதிக்கிறது கிளட்ச்" என்றேன். சிரித்தார். பாதி முகம்தான் சிரிக்கிறது, ஆனால் அது போதுமான சிரிப்பு.

நீ சொன்னபடி குதிகால் படாமல் இருக்க ஒரு வழி செய்துவிட்டேன். நானே யோசித்துச் செய்தது. நேரில் வந்து பார்.

சின்னவள்

*

பிப்ரவரி 2

சின்னவளே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கிளட்ச் வரும் இடத்தில் மூன்று முறையும் சிரித்தேன். சளி போய்விட்டது. மண்டையைப் பற்றிக் கேட்காதே.

இங்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நோட்டீஸம்மா! வந்ததிலிருந்து பத்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். கை கழுவுவது, திருப்பிப் படுக்க வைப்பது, படுத்திருப்பவர்களின் தோலைத் தினமும் பார்ப்பது, எல்லாம் எழுதி, கோடு போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டு ஒட்டினேன். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. எதைச் சொன்னாலும் "பழைய சிஸ்டர் இருந்தப்போ..." என்று ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் டீ குடிக்கும் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்கிறது.

நீ நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்ற தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன். என் பொறுப்பில் உள்ள ஓர் இடத்திலாவது எல்லாம் ஒழுங்காக நடக்கிறதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியவள்

*

பிப்ரவரி 11
(இது அன்றைக்கு எழுதியது. தபாலில் சேர்க்கவில்லை.)

அக்கா,

அப்பாவின் வலது குதிகாலில் புண் வந்துவிட்டது. நேற்று தோல் சிவந்து கொப்புளம் மாதிரி இருந்தது. இன்று உடைந்துவிட்டது. கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும்.

அப்பாவுக்கு அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்று நீ சொல்லியிருக்கிறாய். வலிக்குதாப்பா என்றேன். ஆகட்டும் என்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. காலுக்கு அடியில் நான் வைத்த துணிச் சும்மாட்டை இன்னும் உயரமாக, இன்னும் இறுக்கமாகச் சுற்றி வைத்திருக்கிறேன். உடனே

*

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலம். நானும் நலம். இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

சின்னவள்

*

பிப்ரவரி 24

சின்னவளே,

எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஏன் இவ்வளவு சின்னக் கடிதம்? மை தீர்ந்துவிட்டதா?

எனக்கு உன்னிடம் கொட்ட வேண்டியிருக்கிறது. இங்கே ஓர் உதவியாளர் அக்கா இருக்கிறாள். எப்போதும் விறுவிறுவென்று நடப்பதால் எல்லோருக்கும் அவள் 'ரயில்'. பதினான்காம் படுக்கையில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது ரயில்தான். முந்தாநாள் நானே அவரைத் திருப்பிப் பார்த்தால், இடுப்பில் படுக்கைப் புண். மூன்று நாளாக ரயிலுக்குத் தெரியும்! தெரிந்தும் தினசரித் தாளில் 'தோல் நலம்', 'தோல் நலம்', 'தோல் நலம்' என்று எழுதியிருக்கிறாள்.

எல்லோர் முன்னாலும் கேட்டேன். "புண்ணோட ஒரு மனுஷி கிடக்கும்போது நலம்னு எழுத எப்படிக் கை வந்துச்சு உங்களுக்கு?" அவள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். நிர்வாகிக்கு எழுதி அவளை வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். மறைக்கிறவளுக்கு மனசு என்று ஒன்று இருக்குமா, நீயே சொல்.

பெரியவள்

*

மார்ச் 9

சின்னவளே,

பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தையல்கார அக்காவுக்குப் போன் செய்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். நீ 'ம்' கூடச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே நிலைமை மோசம். ரயில் லீவு போட்டுவிட்டாள். அவளுக்காக இன்னும் மூன்று பேர் போய்விடுவார்களாம். நிர்வாகிக்கு எழுத உட்கார்ந்தேன். அவளை எடுத்துவிடச் சொல்லி எழுதுவதா, என்னை விட்டுவிடச் சொல்லி எழுதுவதா என்று புரியாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு இந்த நாற்காலி சரிப்படவில்லை. பதில் போடு.

பெரியவள்

*

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அப்பா நலமாக இல்லை. அதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நான்கு தாளைக் கிழித்துவிட்டேன்.

இதனோடு பிப்ரவரி பதினொன்றாம் தேதித் தாள் ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? எழுத எப்படிக் கை வந்தது என்று அந்த அக்காவிடம் கேட்டாயே, நான் பதில் சொல்கிறேன். கை வரும் அக்கா. எனக்கு வந்தது. மறுநாளே 'அப்பா நலம்' என்று எழுதி, அழகாக மடித்து, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்பா மேல் மனசு இல்லாமல் இல்லை. ஓர் இடத்திலாவது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அந்த ஓர் இடத்தையும் நான் கெடுத்துவிட்டேன் என்று எப்படி எழுதுவேன்? நாளைக்கு ஆறிவிடும், ஆறியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு ஆறவில்லை. அப்புறம் புண்ணைச் சொல்வதோடு மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூடிக்கொண்டே போயிற்று. அந்த அக்காவுக்கும் மூன்று நாள் அப்படித்தான் போயிருக்கும்.

உனக்குக் கோபம் வந்தால் நீ திட்ட மாட்டாய். பேச்சை நிறுத்திவிட்டுத் துணியை மடிப்பாய். மடித்ததையே உதறி மறுபடி மடிப்பாய். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். அந்த முகம்தான் எனக்குப் பயம். நான் உன் கூடப் பிறந்தவள், எனக்கே இப்படி. அவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. தையல்கார அக்காவை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஒருநாள் போனேன். சீட்டு எழுதுகிறவர், "என்னம்மா விஷயம், சத்தமாச் சொல்லு" என்றார். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாய் பேசியிருந்தால் மருந்து கிடைத்திருக்கும். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் சொல்கிறேன். பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. ஓரம் கறுத்திருக்கிறது. நாற்றம் இல்லை. காய்ச்சல் இல்லை. சும்மாட்டை எடுக்காமல் வைத்துத்தான் இருக்கிறேன்.

நீ துணி மடித்தாலும் பரவாயில்லை. வா.

சின்னவள்

*

மார்ச் 25

என் சின்னவளுக்கு,

இங்கே நலமாக வந்து சேர்ந்தேன். அப்பாவுக்குக் கட்டுப் பிரித்துக் கட்டினாயா? காய்ச்சல் எதுவும் இல்லையே?

நேரில் நான்கு நாள் இருந்தும் சொல்லாததை எழுதுகிறேன். உன்னிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

பஸ்ஸில் வரும்போது உன்னை என்னென்ன சொல்லலாம் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டுதான் வந்தேன். போர்வையை விலக்கி அந்தச் சும்மாட்டைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. தலையில் பாரம் தூக்குகிறவர்கள் வைப்பது போல வட்டமாகச் சுற்றி, பிரியாமல் இருக்கச் சுற்றிலும் தையல் போட்டு, நடுப்பள்ளத்தில் அப்பாவின் குதிகாலைப் பூ மாதிரி வைத்திருந்தாய். என்ன துணி என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் பள்ளிக்கூடப் பாவாடை நீலம் எனக்குத் தெரியாதா?

அந்த வளையம்தான் புண்ணை வளர்த்தது. அது சுற்றிலும் அழுத்தும்போது நடுவில் இருக்கும் தோலுக்கு ரத்தம் போகாது. ஆஸ்பத்திரி டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் தப்பு உன்னுடையது இல்லை. குதிகால் படக் கூடாது என்று சொன்னேன். எப்படிப் படாமல் வைப்பது என்று காட்டினேனா? கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை நீளவாக்கில் வைத்துக் குதிகாலை வெளியே தொங்கவிட வேண்டும். அரை நிமிட வேலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று உத்தரவு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே வந்ததும் ரயில் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், "நான் எழுதி ஒட்டுனதுல ஒண்ணாவது உங்களுக்குச் செஞ்சு காட்டியிருக்கேனாக்கா?" என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டுனீங்க சிஸ்டர்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதன் பிறகுதான் உட்காரச் சொன்னாள்.

பத்து நோட்டீஸையும் கிழித்துவிட்டேன். காலையில் வேலை மாறும் நேரம் எல்லோரும் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். நேற்று நான் எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று முதலில் நான் சொல்கிறேன். பிறகு மற்றவர்கள். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது உன் கடிதத்தை எடுத்து 'கை வரும் அக்கா' என்ற பக்கத்தை வாசித்தேன். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள். படித்து முடித்ததும் மூன்று பேர், தாங்கள் பார்த்தும் சொல்லாத சிவப்புகளைச் சொன்னார்கள். மூன்றும் இன்னும் புண்ணாகாதவை.

நன்றி என்று எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். நன்றி.

வாரம் ஒருமுறை புண்ணின் ஓரத்தை வரைந்து அனுப்பு.

பெரியவள்

*

ஏப்ரல் 8

பாப்பாவுக்கு,

சொல்வது ரயில். எழுதுவது பதினான்காம் படுக்கை டீச்சர். ரயிலுக்கு இரண்டு வார்த்தை எழுத வரும், கடிதம் வராது.

நல்லா இருக்கியா பாப்பா? உங்கப்பா நல்லா இருக்காரா? உங்கக்கா உன் லெட்டரைப் படிச்சப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. யாரோ என் வயித்துக்குள்ள பூந்து பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு. எனக்கு வேலை போயிடும்னு பயம் பாப்பா. அதான் எழுதல. டீச்சரம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

(கேட்டாள். முதல் தடவைக்கு மன்னித்தேன். இடுப்பு ஆறிவருகிறது. - டீச்சர்)

உங்கக்கா முன்ன மாதிரி இல்ல. நேத்து எங்ககூட உட்கார்ந்து டீ குடிச்சா. நாங்க அவளையே கிண்டல் பண்ணோம், அவளும் சேர்ந்து சிரிச்சா. அவ ரூம்ல எழுந்திருக்கும்போதெல்லாம் தலையில இடிச்சுக்கறாளேன்னு அந்தச் சாய்ஞ்ச கூரையில பழைய தலையணை ஒண்ணை ஆணி அடிச்சுக் கட்டிட்டேன். நீ தைரியமா இரு.

(உன் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன், இரண்டு எழுத்துப் பிழை. ஆனாலும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். - டீச்சர்)

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். எழுதிவிட்டு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். ஆமாம், நலம்தான். அங்கே நீயும், ரயில் அக்காவும், டீச்சரம்மாவும் நலமா?

என் கடிதத்தைப் பதினோரு பேர் முன்னால் வாசித்தாய் என்று தெரிந்ததும் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். இங்கே யாரும் பார்க்கவில்லை என்றாலும் அப்படித்தான் இருந்தது. ரயில் அக்கா கடிதம் வந்த பிறகுதான் வெளியே வந்தேன். என்னை யாரும் முழு மதிப்பெண் போட்டுப் பாராட்டியதில்லை. அவர்களுக்கு என் நன்றியைச் சொல்.

புண்ணின் மேல் நீ கொடுத்த கண்ணாடித்தாளை வைத்து ஓரத்தை வரைந்து, அதைத் தையல்கார அக்காவின் மெல்லிய தாளில் படியெடுத்து அனுப்புகிறேன். அவள் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். கோட்டுப் பொத்தான் போய்ச் சட்டைப் பொத்தான் ஆயிற்று. "அடுத்த மாசம் குழந்தைச் சட்டைப் பொத்தான், பாரேன்" என்கிறாள். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீட்டு எழுதுகிறவரிடம் நானே சொல்கிறேன். மூன்றாம் தடவை, "இந்தப் பொண்ணு சத்தமாவே பேசுதே" என்றார். அவ்வளவு சத்தம் இல்லை. அவருக்குக் கேட்கும் அளவு.

மறுபடி பள்ளிக்கூடம் போகிறாயா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். தெரியவில்லை அக்கா. இன்னும் யோசிக்கிறேன். யாரும் இதுவரை கேட்கவில்லை. நீ கேட்டாயே, அதற்கே மனம் நிறைந்துவிட்டது.

சின்னவள்

*

ஜூலை 7

சின்னவளே,

நலமா? அப்பாவின் கிளட்ச் நலமா?

நேற்று நிர்வாகி கூப்பிட்டார். என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்றேன். பதினோரு பேரையும் கேட்டாராம். ரயில் என்ன சொன்னாள் தெரியுமா? "குள்ளமா ஒரு சிஸ்டரை இனிமே எங்க போய்த் தேடறது? இவங்களே இருக்கட்டும். தலையணையும் கட்டியாச்சு."

நான் பாஸ் செய்து நர்ஸ் ஆன வருடம்தான் அப்பா விழுந்தார். வீட்டில் இருக்கப்போவது யார் என்று நாம் பேசவே இல்லை. நீ புத்தகப் பையை ஆணியில் மாட்டினாய், நான் வேலையில் சேர்ந்தேன். இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது அந்த ஆணியின் பலத்தில்தான். பதவி எழுதிய பலகையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. எனக்குத் தெரியும், யார் யார் பெயர் விட்டுப்போயிற்று என்று.

அறைச் சுவர் இப்போது காலி. நோட்டீஸ் ஒட்டிய பசைத் தழும்பு மட்டும் பத்து இருக்கிறது. எதையாவது மாட்டி வைக்கும்படி எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பத்து நாள் லீவில் வருகிறேன். அந்தப் பத்து நாளும் அப்பா என் பொறுப்பு. நீ எங்கே வேண்டுமானாலும் போ.

பெரியவள்

*

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நிரந்தரம் ஆனதை அப்பாவின் காதில் சத்தமாகச் சொன்னேன். "ஆகட்டும்" என்றார். நான் இன்னொரு முறை சொன்னேன். அவரும் இன்னொரு முறை சொன்னார். தையல்கார அக்கா கீழே இருந்து, "எனக்கும் கேட்டுடுச்சு, ஆகட்டும்!" என்று கத்தினாள்.

பத்து நாள் எங்கே போவது என்று இப்போதே கவலையாக இருக்கிறது. ஒருநாள் உன் இல்லத்துக்குப் போய் ரயில் அக்காவைப் பார்க்கலாம் என்று ஆசை. பேச வராவிட்டால் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

அந்த ஆணியைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக மடித்து வைத்துக்கொண்டேன்.

இந்த வாரத் தாளும் இதனோடு இருக்கிறது. வரைய மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மறைக்கவும் இல்லை. காலை வெளிச்சத்தில் அப்பாவின் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல்கார அக்காவும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரும் பார்த்தார். வரைய ஒன்றும் இல்லை.

சுவர் காலியாக இருக்கிறது என்றாயே, இந்தத் தாளை மாட்டிக்கொள்.

உன் சின்னவள்